வின்சர் மெக்கேயின் ‘லூசிடேனியாவின் மூழ்கல்’: ஓவியம் சான்றாகும் இடமும் தவறும் இடமும்

1915 மே 7 அன்று செருமானிய நீர்மூழ்கியால் தாக்குண்டு, ஏறத்தாழ 1,200 பேருடன் லூசிடேனியா பயணக்கப்பல் மூழ்கியதை எந்தப் படக்கருவியும் பதிவு செய்யவில்லை. அவ்வெற்றிடத்தை ஓவியத்தால் நிரப்ப முனைந்தவர் அமெரிக்க அசைவூட்டக் கலையின் முன்னோடி வின்சர் மெக்கே. 1914இல் ‘கெர்ட்டி’ என்னும் டைனோசரைத் திரையில் உலவவிட்டு, மேடையில் நின்று அதனுடன் உரையாடி நகைக்க வைத்த அவர், ஏறத்தாழ 25,000 ஓவியங்களாலான இப்படத்தை 1918இல் வெளியிட்டார். கப்பலைத் தொலைவில் நிறுத்தி, புகையையும் சரிவையும் செய்திப்படத்தின் நிதானத்துடன் காட்டுமிடங்களில் ஓவியம் சான்றின் தகுதியைப் பெறுகிறது. குழந்தையை ஏந்தியபடி தாய் மூழ்கும் இறுதிக் காட்சியிலும், பகையைத் தூண்டும் எழுத்துரையிலும் அது போர்ப் பரப்புரையாகச் சுருங்குகிறது. எனவே, இப்படத்தை அசைவூட்ட ஆவணப்படத்தின் தொடக்கம் எனப் போற்றுவது மட்டும் போதாது. காணாததை வரையும் கை எவ்விடத்தில் சான்றுரிமையை இழக்கிறது என்பதையும் இதுவே உணர்த்துகிறது.