பலபொருள் ஒருசொல்லும் பெயர்மோதலும்: ஸ்கிரிப்ட் மொழிகள் அயல்வகுப்புகளை அழைக்கும் முறைகள் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

தொகுக்கப்பட்ட ஜாவா வகுப்புகளைப் பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழி அழைக்கும்போது இரு மொழிகளின் பெயர்கள் மோதுகின்றன. இம்மோதல்களுக்கு வழக்கிலுள்ள தீர்வுகளைத் தமிழ் இலக்கணம் வகுத்த அளவுகோல்களால் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்ப்பெயர்கள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. எழில் நிரல்மொழியின் சொல் ஒதுக்கீடும் இறுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெயர்மோதல், பலபொருள் ஒருசொல், வடசொல்லாக்கம், ஒருங்குறி, எழில்.

முன்னுரை

ஒரு மொழியில் இயல்பான பெயர் மற்றொரு மொழியில் ஒதுக்கப்பட்ட சொல்லாக இருக்கலாம். ஜாவாவின் 'சிஸ்டம்' வகுப்பில் உள்ளீட்டைக் குறிக்கும் புலத்தின் பெயர் 'இன்'. பைத்தானிலோ 'இன்' என்பது மடக்கிலும் உறுப்பு ஆய்விலும் பயன்படும் ஒதுக்கப்பட்ட சொல். எனவே ஜாவாவில் இயல்பாக எழுதப்படும் தொடர் பைத்தானில் இலக்கணப் பிழையாகிறது. இதனைக் கணினியியலுக்கே உரிய சிக்கலாகக் கருதுவது பொதுவழக்கு. ஆயினும், அயல்மொழிப் பெயரை எவ்வாறு ஏற்பது, ஒரு சொல் பல பொருள் தரும்போது எவ்வாறு தெளிவது என்னும் வினாக்கள் தமிழ் இலக்கண மரபில் நெடுங்காலம் ஆராயப்பட்டவை.

வினை, இனம், சார்பு

பலபொருள் ஒருசொல்லைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் இருவகையாகப் பகுக்கிறது. வினையால் வேறுபடுவது முதல்வகை. அது வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியும். வினையால் வேறுபடாதது இரண்டாம் வகை. அதனைப் பேசுவோர் வெளிப்படையாகக் கூறித் தெளிவிக்க வேண்டும். 'மா பூத்தது' என்னுமிடத்து மரம் என்பது வினையால் விளங்கும். வீழ்ந்தது மரமோ விலங்கோ என்னும் ஐயம் எழுமிடத்து 'மாமரம் வீழ்ந்தது' எனக் கிளந்து கூறல் வேண்டும் என்பது உரையாசிரியர் காட்டும் நெறி.

ஜாவாவில் ஒரே பெயருடைய பல செயல்முறைகள் இருக்கலாம். ஸ்கிரிப்ட் மொழி அவற்றுள் ஒன்றை, உடன்வரும் மதிப்புகளின் வகையை நோக்கித் தெரிவு செய்கிறது. இது முதல்வகைத் தெளிவு. ஆனால் ஜாவாப் பட்டியலின் 'ரிமூவ்' செயல்முறை இடஎண்ணையும் ஏற்கும், நீக்கப்பட வேண்டிய பொருளையும் ஏற்கும். எண்களால் ஆன பட்டியலில் 5 என்று தந்தால் ஐந்தாம் எண்ணிட்ட இடத்தில் உள்ளதை நீக்குவதா, 5 என்னும் மதிப்பை நீக்குவதா? ஜாவா இதனை அடிப்படை எண்வகை, எண்பொருள்வகை என்னும் வேறுபாட்டால் தெளிகிறது. பைத்தானில் முழுஎண் ஒரே வகை. ஆதலின் அங்கு நிரலர் வகையை வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். இது இரண்டாம் வகை. இவ்வேறுபாட்டை உணராது, எல்லா இடத்தும் கருவியே தெரிவு செய்துகொள்ளும் என விடும் நிரல், பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தவறான தரவை நீக்கிவிடும்.

இனத்தால் தெளிதலுக்கு இராஜபாளையம் சான்று. அது ஊரின் பெயர். இடவாகுபெயராய் நாயினம் ஒன்றன் பெயரும் ஆகும். அந்நாயினத்துக்கு 2005இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. ஊர்களும் விலங்கினங்களும் ஒரே தரவுத்தளத்தில் இடம்பெறின் 'ஊர்' என்னும் தொகுதியின் கீழ் ஒன்றும் 'நாய்' என்னும் தொகுதியின் கீழ் மற்றொன்றும் அமைதல் வேண்டும். ஜாவாவில் 'டேட்' என்னும் வகுப்பு பொதுப் பயன்பாட்டுத் தொகுதியிலும் தரவுத்தளத் தொகுதியிலும் இருப்பது இத்தகையதே. முழுப்பெயரால் அழைத்தால் மோதல் இல்லை. ஒரு தொகுதியின் எல்லாப் பெயர்களையும் ஒருங்கே இறக்கும் எளிய வழக்கமே இனச்சுட்டை அழித்து மோதலை உண்டாக்குகிறது.

அயற்பெயரை ஏற்கும் இருநெறி

பைத்தானிலிருந்து ஜாவாவை அணுக உதவும் ஜேபைப், ஒதுக்கப்பட்ட சொல்லோடு மோதும் பெயரின் இறுதியில் ஓர் அடிக்கோட்டைச் சேர்க்கிறது. ஸ்காலா மொழியோ பெயரை மாற்றாமல் சாய்மேற்கோள் குறிகளுக்குள் இட்டு வழங்க இடமளிக்கிறது. முன்னது பெயரைத் திரிக்கிறது. பின்னது பெயரைக் காத்து, அது அயற்பெயர் என்பதை மட்டும் குறிக்கிறது.

வடசொல்லாக்கத்திலும் இவ்விரு நெறிகளைக் காணலாம். ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. ஆதலின் அத்தகைய வடசொல்லின் முன் அ, இ, உ என்பவற்றுள் ஒன்று வரும் என்பது நன்னூல் விதி. 'ராஜ' என்பது 'இராஜ' என்றும், ஜகரம் திரிந்து 'இராச' என்றும் வழங்குவது இதனால். ஜேபைப் இறுதியில் செய்வதை நன்னூல் முதலில் செய்கிறது எனலாம். கிரந்த எழுத்தோடு 'ராஜபாளையம்' என எழுதுவது ஸ்காலாவின் நெறியை ஒக்கும்.

திரித்தல் நெறியின் குறை, அது ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமையாமல் போகலாம் என்பதே. வடமொழியில் வேறுபட்டொலிக்கும் இரு சொற்கள், கதையைக் குறிப்பதும் தண்டாயுதத்தைக் குறிப்பதும், தமிழில் 'கதை' என்னும் ஒரே வடிவாயின. மோதலைத் தீர்க்கவேண்டிய விதி இங்குப் புதிய மோதலை உண்டாக்கிற்று. அடிக்கோடு சேர்த்தலும் இக்குறைக்கு விலக்கன்று. அடிக்கோட்டில் முடியும் பெயரை ஜாவா தடைசெய்வதில்லை. ஆகவே திரிந்த பெயரும் இயற்பெயரும் ஒன்றாகும் வாய்ப்பு உண்டு. மேலும், ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியல் நிலையானதன்று. பைத்தான் 3.7 பதிப்பில் (2018) 'அசிங்க்', 'அவெய்ட்' ஆகியன ஒதுக்கப்பட்டன. அதுவரை பிழையின்றி இயங்கிய பெயர்கள் பிழையாயின. பெயரைக் காக்கும் நெறியே மீட்கத்தக்கதாதலின் அதுவே சிறந்தது.

ஒரே தோற்றம், இருவேறு பெயர்

மேற்கண்டவை கண்ணுக்குப் புலனாகும் மோதல்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டுவது புலனாகாத ஒன்று. 'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்தை ஒருங்குறியில் ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஒருங்குறி 4.1 பதிப்பில் (2005) சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன. கணினிக்கு இவை இருவேறு பெயர்கள். பைத்தான் 3 தன் பெயர்களை ஒருங்குறியின் இயல்பாக்க முறைக்கு உட்படுத்துகிறது. அம்முறையும் இவ்விரண்டை ஒன்றாக்குவதில்லை.

இயல்பாக்கமே மோதலுக்குக் காரணமாகும் இடமும் உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பெயரில் உள்ள 'கோ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். ஜாவா இவ்விரண்டையும் வேறு பெயர்களாகவே கொள்ளும். பைத்தான் இரண்டாவதை முதலாவதாக மாற்றிவிடும். பிரித்தெழுதிய பெயருடைய ஜாவா உறுப்பைப் பைத்தானில் புள்ளியிட்டு அழைத்தால், பெயர் கண்ணெதிரே இருந்தும் 'இல்லை' என்னும் விடையே வரும். பெயரைச் சரமாகத் தந்து தேடுவதே அங்கு வழி.

இதன் விளைவு நிரலர்க்கு மட்டும் உரியதன்று. கோயில் ஆவணமோ வாக்காளர் பட்டியலோ இருவகைக் குறியேற்றமும் கலந்து உருவாகுமாயின், ஒருவகையில் தேடுவோர்க்கு மறுவகைப் பதிவுகள் அகப்படா. இல்லாத பதிவும் அகப்படாத பதிவும் அவர்க்கு ஒன்றே.

எழில் மொழியின் சொல் ஒதுக்கீடு

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், பைத்தானின் மேல் இயங்கும் தமிழ் நிரல்மொழி. அது ஆனால், இல்லை, ஆக, வரை, செய், முடி முதலிய வழக்குச் சொற்களை ஒதுக்கியுள்ளது. தமிழ் அறிந்த மாணவர்க்கு நிரலை எளிதாக்கும் அதன் நோக்கம் பாராட்டத்தக்கது. எனினும் ஒதுக்கப்பட்டவற்றுள் பல பலபொருள் ஒருசொற்கள். 'வரை' என்பது எல்லையையும் மலையையும் குறிக்கும். வரைதல் தொழிலின் ஏவலும் ஆகும். வரைகலை நிரலகம் ஒன்றைத் தமிழ்ப்படுத்துவோர் முதலில் நாடும் பெயர் அதுவே. அப்பெயர் ஏற்கெனவே மடக்குக்கு உரியதாயிற்று.

இதற்குத் தீர்வு எழிலின் தொடரமைப்பிலேயே உள்ளது. ஆனால், ஆக, வரை ஆகியன அதில் அடைப்புக்குறிக்குள் தரப்பட்ட நிபந்தனைக்குப் பின்னரே வரும். இடமே பொருளைத் தெளிவிப்பதால் அவற்றைப் பிற இடங்களில் ஒதுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பைத்தான் 3.10 பதிப்பு (2021) 'மேட்ச்' என்பதைச் சூழல்நோக்கி மட்டும் சிறப்புச்சொல்லாகக் கொண்டது இந்நெறியே. தொல்காப்பியர் கூறும் சார்பு என்பதும் இதுவே. தனித்து வரும் 'முடி' போன்றவற்றுக்கு அத்தகைய சார்பு இன்மையின் அவை ஒதுக்கப்பட்டே இருத்தல் வேண்டும்.

முடிவுரை

பெயர்மோதலுக்கு ஒரே தீர்வு இல்லை. சார்பால் தெளியத்தக்கதைச் சார்புக்கு விடுதல், தெளியாததைக் கிளந்து கூறல், அயற்பெயரைத் திரிக்காது காத்தல் ஆகிய மூன்றும் இடமறிந்து கையாளத்தக்கன. குறியேற்ற வேறுபாடு இம்மூன்றுக்கும் முற்பட்ட அடிப்படைச் சிக்கல். தரவு நுழையும் வாயிலிலேயே 'ஸ்ரீ' ஒரே குறியேற்றத்துக்கு மாற்றப்படாவிடின் பிற விதிகள் பயன் தரா. தமிழ் நிரல்மொழிகளையும் தரவுத்தளங்களையும் வடிவமைப்போர் கலைச்சொல் தேர்வோடு நில்லாமல் இவ்விதிகளையும் வகுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.