கூலியாள் இல்லாத வயல்: 'ஸ்டார்டியூ வேலி' விளையாட்டின் பெலிக்கன் டவுன்

கதையைக் காதாற் கேட்டோம்; நாடகத்தைக் கண்ணாற் கண்டோம். கேட்போரும் காண்போரும் தாமே கதைமாந்தராகி, தம் கையாலேயே கதையை நடத்திச் செல்லும் புதியதொரு கலை இக்காலத்தில் தோன்றியுள்ளது. கணினித் திரையில் வேடமேற்று ஆடும் விளையாட்டே அக்கலை. 'விளையாட்டுத்தானே, இதற்கோர் ஆராய்ச்சியும் வேண்டுமோ?' என்று வினவுவார் உளர். கோடிக்கணக்கான மக்கள் எதில் இரவுபகலாக மனந் தோய்கின்றனரோ, அஃது அவர்தம் எண்ணத்தைத் திருத்தாமலோ கெடுக்காமலோ விடுவதில்லை. ஆதலின் நூலொன்றை ஆராய்வது போலவே இதனையும் ஆராயத் துணிந்தோம்.

நாம் எடுத்துக்கொண்டது 'ஸ்டார்டியூ வேலி' என்பது. அமெரிக்க நாட்டினரான எரிக் பரோன் என்பார், மாலை வேளைகளில் நாடக அரங்கொன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் பாடுபட்டு, சித்திரம், இசை, உரையாடல், கணினிக் கட்டளை யாவற்றையும் தாமொருவராகவே இயற்றி, 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இதனை வெளியிட்டார். 1996-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஹார்வெஸ்ட் மூன்' என்னும் உழவு விளையாட்டு இவருக்கு வழிகாட்டியாயிற்று. 2024-ஆம் ஆண்டு முடிவதற்குள் 4 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயின. தனியொருவர் உழைப்புக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

கதை எளியது. ஜோஜா என்னும் பெருங்கம்பெனியின் அலுவலகத்தில் அடைபட்டு வாடும் ஒருவர், இறந்துபோன பாட்டனார் விட்டுச்சென்ற பண்ணைக்குத் திரும்புகிறார். பண்ணையை அடுத்து ஏறத்தாழ முப்பது பேர் வாழும் பெலிக்கன் டவுன் என்னும் சிற்றூர் இருக்கிறது. கோபுரத்தில் ஒரு மந்திரவாதி, சுரங்கத்தில் அரக்கப் பிராணிகள், பாழடைந்த பொதுமண்டபத்தில் ஜூனிமோ என்னும் வனதேவதைகள் என மாயக் கற்பனைக்கும் குறைவில்லை. கையில் 500 பொற்காசு. ஊர்த்தலைவர் லூயிஸ் அளிக்கும் 15 பார்ஸ்னிப் கிழங்கு விதைகள். முட்செடி மண்டிய நிலம். இவ்வளவே முதல்.

இனி இதன் சிறப்பைக் கூறுவோம். உழைப்பை இது மறைப்பதில்லை. நிலத்தைக் கொத்தி, விதைத்து, நாள்தோறும் நீர்விட்டால்தான் நான்காம் நாள் கிழங்கு கிட்டும். உடலின் வலிமைக்கு அளவுண்டு. பின்னிரவு 2 மணிக்கு மேல் விழித்திருந்தால் மயங்கி விழ நேரும். உழவைத் தாழ்ந்த தொழிலென்று எண்ணும் நகரத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல பாடமன்றோ?

ஊர் மக்களைப் படைத்த திறம் அதனினும் மேலானது. பேருந்து பழுதுபட்டதால் வேலையிழந்த பாம் என்னும் ஓட்டுநர் மகளோடு வண்டி வீடொன்றில் வாழ்ந்து, மாலைதோறும் மதுக்கடையில் அமர்கிறாள். ஜோஜாவின் கடையில் சலிப்போடு உழைக்கும் ஷேன் குடியிலே அமிழ்கிறான். ஜார்ஜ் என்னும் முதியவர் சுரங்க விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தவர். போரிற் சிறைப்பட்டு இரண்டாம் ஆண்டில் மீளும் கென்ட், அடுக்களையில் சோளம் பொரியும் ஓசைக்கே நடுங்குகிறான். வேலையின்மை, குடி, விபத்து, போர் ஆகிய நான்கு துயரையும் இச்சிற்றூரில் வைத்த ஆசிரியர் உலகறியாதவரல்லர். பேருந்து பழுது நீங்கியதும் பாம் மீண்டும் அதனை ஓட்டுகிறாள். மதுக்கடையை அவள் மறந்தாளில்லை. எனினும் பகற்பொழுது அவளுக்குப் பயனுடையதாகிறது. அறிவுரை கூறாமல் வேலையைக் கொடுத்தமையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

நிற்க. குறைகளையும் கூறாதொழிவது நடுநிலையாகாது.

வீடு கட்டத் தச்சருக்கும் கருவி திருத்தக் கொல்லருக்கும் காசு கொடுக்கலாம். வயலில் இறங்குதற்கோ கூலியாள் ஒருவருமில்லை. பிற்காலத்தில் நண்பர்கள் சேர்ந்து ஆட வழி செய்யப்பட்டது, அவர்களும் கூட்டாளிகளே. ஜூனிமோக்களுக்குக் குடில் அமைத்தால் அவை அறுவடை செய்யும், கூலி கேட்பதில்லை. கூலி கேளாத உழைப்பாளி முதலாளியின் பகற்கனவன்றி வேறென்ன? நிலவரியில்லை, குத்தகையில்லை, கடனில்லை. ஆயிரம் கிழங்கை ஒரே நாளில் விற்றாலும் விலை இறங்குவதில்லை. விலை வீழ்ந்தால் வேலையும் கூலியும் வீழும் என்பதைத் தோட்டத்து அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுமோ? உழவின் இன்பத்தைக் காட்டிய ஆசிரியர், உழவனை வாட்டும் சந்தையைத் திரைக்குப் பின்னே மறைத்துவிட்டார்.

ஜோஜாவைப் பற்றிய கண்டனமும் முழுமையாக இல்லை. அக்கடை பாதி விலைச் சலுகை காட்டி ஊர்வணிகர் பியெரின் வாடிக்கையைப் பறிப்பதாகக் கதை கூறுகிறது. ஆனால் பியெர் 20 காசுக்கு விற்கும் பார்ஸ்னிப் விதையை, அங்கத்தினரல்லாத உழவரிடம் ஜோஜா 25 காசுக்கு விற்கிறது! கதை ஒன்று, கணக்கு வேறொன்று. பெருங்கம்பெனியின் வலிமை மலிவிலே இருக்கிறது என்னும் உண்மையை, ஆடுவோர் தம் பையிலே உணர்ந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் நம் மனத்தை உறுத்துவது பொதுமண்டபமே. அதனைச் சீர்ப்படுத்த இரு வழிகள் உள. விளைபொருளையும் மீனையும் பிறவற்றையும் காணிக்கையாகச் சேர்த்தால் ஜூனிமோக்கள் ஒவ்வோர் அறையாகப் புதுக்கித் தரும். அன்றேல், 5,000 காசு கட்டி ஜோஜாவின் அங்கத்தினரானால் மண்டபம் கிடங்காகிவிடும். ஊர்த் திருப்பணிகளைக் காசுக்கு வாங்கிக்கொள்ளலாம். பொதுநலமா, பணமா என்று ஆடுவோரையே தேர்ந்தெடுக்கச் செய்தது அரியதோர் அமைப்பு. ஆயினும் முதல் வழியிலுங்கூட ஊரார் ஒருவர் ஒரு செங்கல்லும் எடுத்து வைத்தாரில்லை. புதிதாக வந்த ஒருவரும் வனதேவதைகளுமே யாவும் செய்ய, ஊரார் திறப்பு விழாவுக்கு வந்து மகிழ்கின்றனர். சங்கமென்றும் கூட்டமென்றும் இவ்வூரில் பேச்சே இல்லை. பாமும் ஷேனும் ஜார்ஜும் ஓரிடத்திற்கூடி, 'நமக்கென்று ஒரு மண்டபம் வேண்டும்' என்று முடிவு செய்யும் காட்சி ஒன்று இருந்திருக்கலாகாதா? பிறர் கட்டித் தந்த மண்டபம் கட்டிடமாகுமேயன்றிப் பொதுமண்டபமாகாது.

இறுதியாக ஒன்று. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் பாட்டனாரின் ஆவி தோன்றித் தீர்ப்பளிக்கிறது. மொத்தம் 21 புள்ளிகள். அவற்றுள் ஈட்டிய பொருளுக்கு 7, பொதுமண்டபத்துக்கு 3, ஊராரின் நட்புக்கு 2. பணத்தை வெறுத்து நகரை நீங்கி வந்தவரைப் பணத்தாலேயே பெரிதும் அளப்பது முறையா? பாட்டனார் எழுதிவைத்த கடிதம் ஒன்று சொல்ல, அவர் தராசு வேறொன்று சொல்கிறது.

இக்குறைகளால் இதனைத் தள்ளிவிட வேண்டுமென்பது நம் கருத்தன்று. பொய்யான உலகில் மெய்யான துயரை வைத்த கலைஞர் வணக்கத்துக்குரியவர். பிள்ளைகள் ஆடட்டும், பெற்றோரும் அருகிலிருந்து பார்க்கட்டும். ஆடி முடித்தபின், 'இவ்வளவு பெரிய வயலில் கூலியாட்கள் எங்கே?' என்று பிள்ளைகளைக் கேட்பார்களாக. அக்கேள்விக்குப் பிள்ளை சொல்லும் விடையிலிருந்து மெய்யான பாடம் தொடங்கும்.