ஸ்கிரைபஸ் 1.6: மும்மொழி அச்சுக்கடையில் ஒரு பரீட்சை

கட்டுகஸ்தோட்டையில் ஏ9 வீதி மாத்தளைப் பக்கமும் ஏ10 வீதி குருநாகல் பக்கமும் பிரிகின்றன. இரண்டு பக்கமிருந்தும் அச்சு வேலை வருகிறது. அக்குறணையிலிருந்து பள்ளிவாசல் அறிவித்தல், மாத்தளையிலிருந்து கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ், கலகெதரப் பக்கமிருந்து கடைப் பெயர்ப்பலகை, ஊருக்குள்ளிருந்தே பாடசாலை மலர். மூன்று மொழியும் ஒரே நாளில் மேசைக்கு வரும். பல வேலைகளில் ஒரே பக்கத்திலேயே வரும். ஆகவே இங்கே ஒரு பக்கவமைப்பு மென்பொருளிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே வரியில் உடையாமல் நிற்குமா?

இரண்டாவது கேள்வி காசு. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தாலும், மாதம் இருபது டொலருக்கு மேல் கேட்கும் இன்டிசைன் சந்தா சின்ன அச்சுக்கடைக்கு ஆறாயிரம் ரூபாவைத் தாண்டிய செலவு. அதனால்தான் 2001இல் கடைசிப் பதிப்பு கண்ட பேஜ்மேக்கர் 7 இன்னும் பல கடைகளில் உயிரோடு இருக்கிறது.

இந்த இரண்டு கேள்விகளையும் வைத்து ஸ்கிரைபஸ் 1.6ஐ உண்மையான வேலைகளில் ஓட்டிப் பார்த்தேன். இது இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2003இல் பிறந்த மென்பொருள் என்றாலும், 1.4 வரிசை வரை இதில் தமிழைக் கொட்டினால் கொம்பும் காலும் திசைக்கொன்றாய் நிற்கும். ஓமான் நாட்டுத் திறந்த மூலக் குழுவொன்று அரபு எழுத்துக்காகச் செய்த வேலைதான் நிலைமையை மாற்றியது. அந்த உழைப்பு 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில் சேர்ந்தது. குரோம், பயர்பொக்ஸ் உலாவிகளில் தமிழைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் இயந்திரமே அப்போதிருந்து ஸ்கிரைபஸிலும் எழுத்தைக் கோக்கிறது. 2024 ஜனவரியில் வந்த 1.6 அதன் நிலையான வடிவம்.

மூன்று எழுத்து, ஒரு பக்கம்

முதல் சோதனை மும்மொழி அழைப்பிதழ். நோட்டோ சான்ஸ் குடும்பத்தின் தமிழ், சிங்கள, இலத்தீன் எழுத்துருக்களை எடுத்தேன். தமிழில் 'கொ', 'தௌ', 'க்ஷ' எல்லாம் சரியாக நின்றன. சிங்களத்தில் கடினமான இடம் 'ஸ்ரீ'. அந்த எழுத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்தோ பழைய ஆவணத்திலிருந்தோ வரும்போது அது தொலைந்தால் 'ஸ்ரீ லங்கா' இரண்டாக உடைந்து, வாடிக்கையாளர் அட்டையைத் திருப்பிக் கொண்டுவருவார். குறி இருக்கும்வரை ஸ்கிரைபஸ் அதை உடைக்கவில்லை.

ஆனால் ஒன்று: எழுத்துருவில் இல்லாத எழுத்து வந்தால் வேர்ட் மாதிரி வேறொரு எழுத்துருவைத் தானாகத் தேடிப் போடாது, வெற்றுப் பெட்டி காட்டும். ஆகவே தமிழுக்கொன்று, சிங்களத்துக்கொன்று, ஆங்கிலத்துக்கொன்று என மூன்று எழுத்துப் பாணிகளை முதலிலேயே செய்து வைத்துவிட வேண்டும். பாணிக்குள் அளவையும் பூட்டிவிடலாம். தமிழ் 10 புள்ளி என்றால் ஆங்கிலத்தை 9.5இல் வைத்தால் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிறது. வரி இடைவெளியைத் தானியங்கியில் விட்டால் எழுத்துரு மாறும் வரியெல்லாம் ஏறி இறங்கும். நிலையான இடைவெளி கொடுங்கள், அல்லது அடிக்கோட்டு வலையில் ஒட்டுங்கள்.

பத்தி நிரவல்

பாடசாலை மலரின் இரண்டு நிரல் கட்டுரையில்தான் ஸ்கிரைபஸ் வியர்த்தது. இன்டிசைன் முழுப் பத்தியையும் பார்த்து வரி முறிக்கும். ஸ்கிரைபஸ் ஒவ்வொரு வரியாகவே முறிக்கிறது. 'நடாத்தப்பட்டுக்கொண்டிருக்கின்றமை' போன்ற சொல் அடுத்த வரிக்குத் தாவினால் முந்திய வரியில் மூன்று சொற்கள் பல்லிளித்து நிற்கும். பாணி அமைப்பில் சொல்லிடைவெளியின் குறைந்தபட்ச அளவும், எழுத்தை இம்மியளவு ஒடுக்கவும் விரிக்கவும் விடும் வீதங்களும் இருக்கின்றன. எழுத்து விரிவை 98 முதல் 102 வீதம் வரை அனுமதித்தபோது பெரும்பாலான ஓட்டைகள் அடைபட்டன. அதற்கு மேல் போனால் எழுத்து சப்பையாவது தெரிகிறது. மிச்சத்தைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும், அல்லது ஒடுங்கிய நிரலில் இடப்பக்கம் மட்டும் ஒட்டிவிட வேண்டும்.

நீண்ட கட்டுரையைத் திருத்த, பக்கத்தில் நேரடியாகத் தட்டுவதைவிட ஸ்கிரைபஸோடு வரும் கதைத் திருத்தி சாளரம் வசதி. அலங்காரம் எதுவும் காட்டாது. எழுத்தை மட்டும் காட்டும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு அது போதும்.

நிறமும் பீடிஎஃப்பும்

அச்சுக்குப் போகும் வேலையில் ஸ்கிரைபஸ் கைவிடவில்லை. சி.எம்.வை.கே. நிறம் முதலிலிருந்தே உண்டு. நிற மேலாண்மையை இயக்கி நிறச் சுயவிவரங்களைத் தெரிவுசெய்தால்தான் பீடிஎஃப் எக்ஸ்-1ஏ, எக்ஸ்-3, எக்ஸ்-4 வடிவங்கள் திறக்கும். புதிதாக வருபவர் "அந்த வசதி இல்லை" என்று நினைப்பது இங்கேதான். கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிறுவியிருந்தால் அச்சு முன்னோட்டத்தில் நான்கு நிறத் தகடுகளையும் தனித்தனியே அணைத்துப் பார்க்கலாம். கறுப்பை அணைத்ததும் பக்கத்து எழுத்தெல்லாம் மறைந்தால் சரி. நீலத்திலும் மஞ்சளிலும் எழுத்தின் நிழல் மிஞ்சினால் வேர்டிலிருந்து வந்த கறுப்பு நான்கு நிறமாகக் கலந்திருக்கிறது என்று பொருள். அது தகட்டுக்குப் போனால் சின்ன எழுத்து மங்கும்.

ஏற்றுமதிக்கு முன் வரும் சரிபார்ப்புச் சாளரம் சட்டத்துக்கு வெளியே வழிந்த எழுத்து, தெளிவு குறைந்த படம், காணாமற்போன படம் எல்லாவற்றையும் பட்டியலிடும். வாட்ஸ்அப்பில் வந்த அதிபரின் புகைப்படத்தை இது விடாமல் பிடித்துக் கொடுக்கும்.

பாமினி என்ற மலை

உண்மையான தடை மென்பொருளில் இல்லை, நம் பழைய கோப்புகளில் இருக்கிறது. இலங்கையின் தமிழ் அச்சு வேலை பாமினி என்ற பழைய எழுத்துருவில் வளர்ந்தது. பாமினியில் 'தமிழ்' என்று தட்டியது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு மாத்திரமே தமிழ் வேடம் போடுகிறது. ஸ்கிரைபஸில் பாமினியைப் போட்டாலும் அது தெரியும், அச்சாகும். ஆனால் தேட முடியாது, பீடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் குப்பை வரும், காணாத எழுத்து என்று சரிபார்ப்பும் எச்சரிக்காது. அதற்கு அது ஆங்கிலம்.

மாற்றிகள் இருக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியும் சென்னையிலிருந்து வந்த என்.எச்.எம். மாற்றியும் வேலையை நொடியில் முடிக்கும். பொறி ஒன்றுதான்: நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் கிடந்தால் அதையும் தமிழாக்கிவிடும். முகவரியில் ஆங்கிலத்தில் இருந்த 'கண்டி' மாறியபின் 'முயனெல' என்று நிற்கும். மின்னஞ்சல் முகவரிகளும் அப்படியே. ஆகவே மாற்றுமுன் ஆங்கிலப் பகுதிகளை வெட்டித் தனியே வைத்து, மாற்றியபின் திரும்ப ஒட்ட வேண்டும்.

பாமினி விசைகளுக்குப் பழகிய விரல்களை மாற்றத் தேவையில்லை. அதே விசை அமைப்பில் தட்டி யுனிகோட் பெறும் விசைப்பலகை மென்பொருள்கள் உண்டு. எழுத்துரு வறுமையும் இப்போது இல்லை. முக்த மலர், கேட்டமரன், இலங்கையரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் எல்லாம் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன.

எங்கே சறுக்குகிறது

பக்கம் தாண்டி ஓடும் அட்டவணை இல்லை. ஆண்டறிக்கைக் கணக்குகளைப் பக்கத்துக்குப் பக்கம் துண்டாக வைக்க வேண்டும். இன்டிசைனின் ஐ.டி.எம்.எல். கோப்பை இறக்குமதி செய்யலாம், அந்த வடிவில் திருப்பி அனுப்ப முடியாது. கொழும்பு நிறுவனத்தோடு கோப்பு பரிமாறி வேலை செய்பவருக்கு இது கதவடைப்பு. பேஜ்மேக்கர் கோப்புகளையும் திறக்கும், ஆனால் பழைய வடிவத்தைப் பார்த்துக்கொள்ளத்தான். அதன்மேல் திருத்தம் செய்ய நம்பாதீர்கள். 1.6இல் சேமித்ததை 1.4 திறக்காது, கடையின் எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும். திருமண அட்டை, பனர் போன்ற அலங்கார வேலைக்குக் கோரல்ட்ரோவின் கைவேகம் இதில் வராது.

சொல்லாமல் விடக்கூடாத நல்லது ஒன்று: ஸ்கிரைபஸ் ஜெனரேட்டர் என்ற இணைப்பு. பரிசளிப்புச் சான்றிதழை ஒருமுறை வடிவமைத்து, பெயர்ப்பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாகக் கொடுத்தால் மாணவருக்கொன்றாகப் பக்கங்களைத் தானே உருவாக்கும். எக்செலில் சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 வகையைத் தெரிவுசெய்யாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

தீர்ப்பு

பாடசாலை மலர், கோயில் மலர், கவிதைத் தொகுதி, மும்மொழி அறிவித்தல், சான்றிதழ் ஆகியவற்றுக்கு ஸ்கிரைபஸ் 1.6 தாராளமாகப் போதும். அட்டவணை நிறைந்த அறிக்கையும் பிறரோடு கோப்புப் பகிர்வும் முக்கியமென்றால் இன்டிசைன் சந்தாவைக் கட்டுங்கள். திருமண அட்டைக் கடை கோரல்ட்ரோவிலேயே இருக்கட்டும். எதைத் தெரிவுசெய்தாலும், அடுத்த புதிய வேலையை யுனிகோட்டில் தொடங்குங்கள். பாமினியில் இன்று தட்டும் ஒவ்வொரு பக்கமும் நாளை யாராவது மாற்றிக்கொண்டிருக்க வேண்டிய பக்கம்.