குடமும் குழாயும்

விமரிசனம் என்றால் பெரிய நாவல்களையும் பெயர் பெற்ற சிறுகதைகளையும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. ஆனால், ஒரு கதையைக் கேட்டதனால் எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள், எத்தனை பேர் கைப்பணத்தைப் போட்டார்கள் என்று கணக்கெடுத்தால், நம்முடைய நாவல்கள் எல்லாம் வெட்கித் தலைகுனிய வேண்டியதுதான். அந்தக் கணக்கில் முன்வரிசையில் நிற்கக்கூடிய ஒரு கதையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். எந்தப் பத்திரிகையும் இதற்கு மதிப்புரை எழுதியதாக நான் பார்க்கவில்லை. இருந்தாலும் தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் கல்யாண மண்டபத்து நாற்காலிகளிலும் வீட்டுத் தாழ்வாரங்களிலும் உட்கார்ந்து இதைக் கேட்ட தாய்மார்கள் பலர்.

கதை இதுதான். 1801-ஆம் வருஷம். இத்தாலி தேசத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் பாப்லோ, புரூனோ என்று இரண்டு வாலிபர்கள். ஆற்றிலிருந்து ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை இருவருக்கும் கிடைக்கிறது. வாளிக்கு இவ்வளவு என்று கூலி. புரூனோ கூலியை வாங்கிச் செலவழித்துச் சந்தோஷமாக இருக்கிறான். பாப்லோவுக்கு மட்டும் ஒரு யோசனை: ஆற்றிலிருந்து ஊர்வரை ஒரு குழாய் போட்டுவிட்டால்? பாதி நாள் வாளி சுமக்கிறான், மீதி நேரத்திலும் ஓய்வு நாட்களிலும் குழாய்க்குப் பள்ளம் வெட்டுகிறான். ஊர் சிரிக்கிறது. கடைசியில் குழாய் முடிகிறது. அவன் தூங்கினாலும் சாப்பிட்டாலும் தண்ணீர் வருகிறது, பணமும் வருகிறது. வாளி சுமந்தவனுக்கோ கூன் விழுந்ததுதான் மிச்சம்.

பர்க் ஹெட்ஜஸ் என்ற அமெரிக்கர் 2001-இல் வெளியிட்ட சிறு புத்தகத்தில் உள்ள உபமானக் கதை இது. 'நெட்வொர்க் மார்க்கெட்டிங்' என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அந்த வியாபாரத்தின் ஸ்தல புராணம் என்றே இதைச் சொல்லலாம். ஒருவர் சோப்பு, பற்பசை, சத்துமாவு, முகப்பூச்சு முதலியவற்றைத் தெரிந்தவர்களுக்கு விற்கிறார். அவர்களையும் விற்பனையாளர்களாகச் சேர்க்கிறார். அவர்கள் விற்பதிலும், அவர்கள் சேர்த்தவர்கள் விற்பதிலும் முதல் ஆளுக்கு ஒரு பங்கு வருகிறது. மாதச் சம்பளம் வாளி. சேர்த்த ஆட்களின் வரிசை குழாய். கேட்டவுடன் மனசில் பதிந்துவிடுகிற உபமானம்தான், சந்தேகமில்லை.

கதையின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய கஷ்டம் நாளைய சுகத்துக்கு வித்து என்று சொல்லும் எந்தக் கதையும் தாய்மார்களிடம் எடுபடும். அவர்களுடைய வாழ்க்கையே அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. அதோடு, கைக்குழந்தை உள்ள பெண்ணுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் வேறு என்ன வழி இருக்கிறது? விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் குமுளிக்கோ கம்பம் மெட்டுக்கோ போடி மெட்டுக்கோ போய் ஏலத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுப் பொழுது சாயும் நேரம் திரும்பலாம். பிள்ளை மாமியாரிடம் இருக்கும். படித்த பெண்ணானால் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தலாம். அங்கேயும் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது. இப்படி இருக்கிற இடத்தில், "வீட்டை விட்டு இறங்க வேண்டாம், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், அந்த வார்த்தைக்கு எவ்வளவு கனம் இருக்கும்! அதைக் கேட்டு ஒரு பெண் கண் கலங்கினால் அவளைப் பேராசைக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே என் வழக்கு அந்தப் பெண்ணோடு அல்ல; கதையோடுதான். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்தக் கதையில் மூன்று ஓட்டைகளைக் காண்கிறேன்.

முதல் ஓட்டை, பாத்திரப் படைப்பில் இருக்கிறது. தண்ணீர் சுமப்பதைப் பற்றிய இந்தக் கதையில் பெண்ணுக்கு வேலையே இல்லை! நம் ஊரில் தண்ணீர் சுமந்தவர்கள் யார்? இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக நடந்தவர்கள் தாய்மார்கள். அவர்களுக்கு வாளிக்கு இவ்வளவு என்று யாரும் கூலி கொடுத்ததில்லை. பாப்லோ ஓய்வு நாளில் பள்ளம் வெட்டினானாம். வெட்டிவிட்டு வந்தவனுக்குச் சோறு வடித்து வைத்தது யார்? அவன் கையில் காய்ச்சல்காரக் குழந்தை ஏதாவது இருந்ததா? பரீட்சைக்குப் படிக்கும் மகள் இருந்தாளா? கதாசிரியர் சாமர்த்தியமாக இரண்டு தனிக்கட்டைகளைப் பிடித்துவிட்டார். மிச்ச நேரம் என்று ஒன்று உள்ள ஆளைக் கொண்டு கதை கட்டி, மிச்ச நேரமே இல்லாத ஆளிடம் அதைச் சொல்கிறார்கள்.

எழுதாமல் விடப்பட்ட காட்சி ஒன்றை நாமே கற்பனை செய்துகொள்ளலாம். சின்னமனூரில் ஒரு வீடு. சாயங்காலம் ஆறு மணி. அம்மாவின் காதில் போன்.

"அம்மா, கணக்கு வரலை. வந்து சொல்லித் தாங்க."

"இருடா கண்ணு, அம்மா மீட்டிங்கில இருக்கேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

பையன் சொன்னதற்கு அவளிடம் பதில் இல்லை. வீட்டில் இருந்து செய்யும் வேலை என்பதனாலேயே அதற்கு வாசற்படி கிடையாது. ஜீப்பில் போன தாய் பொழுது சாயத் திரும்பி வந்துவிடுகிறாள். இவள் வீட்டிலேயே இருந்தும் திரும்பி வரும் நேரம் என்று ஒன்று இல்லை. சங்கத்தார் கூடுவதும் பொருள் கேட்டு ஆள் அழைப்பதும் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகுதானே? வேலையையும் தாய்மையையும் சமமாக நிறுத்துவது என்று மேடையில் பேசுகிறார்கள். தராசில் இரண்டு தட்டுகள் வேண்டும். இங்கே இரண்டையும் ஒரே தட்டில் போட்டுவிட்டு முள்ளைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது ஓட்டை, குழாய் எதனால் ஆனது என்ற விஷயத்தில் இருக்கிறது. இத்தாலிக்காரன் மண்ணில் குழாய் பதித்தான். நம் பெண் எதில் பதிக்கிறாள்? உறவில். அவளிடம் கொடுக்கப்படும் முதல் வேலை, தெரிந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதுவதுதான். மதினி, சித்தி, கொழுந்தன் மனைவி, பிள்ளையின் டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா. இந்தப் பக்கத்தில் செய்முறை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. காதுகுத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று நோட்டில் ஏறி, வருஷக்கணக்கில் காத்திருந்து, திருப்பிச் செய்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், "மதினி, ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க, நல்ல விஷயம் ஒண்ணு சொல்லணும்" என்று வந்து உட்காருகிறவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தன் மகளின் சடங்குக்கு முதலில் வந்து நின்றவள் அல்லவா அவள்?

2021 டிசம்பரில் மத்திய அரசு நேரடி விற்பனைக்கு விதிகள் வகுத்தது. சேருவதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிடு முறையும் பணச் சுழற்சித் திட்டமும் கூடாது. விற்பனையாளர் அடையாள அட்டை இல்லாமலும் முன்அனுமதி பெறாமலும் ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது. நல்ல விதிகள்தாம். ஆனால் மதினி வீட்டுக்குப் போக முன்அனுமதி ஏது? சட்டம் அந்நியர்களை மனசில் வைத்து எழுதப்பட்டது. வியாபாரமோ உறவுக்குள்தான் நடக்கிறது. வேண்டாத சத்துமாவு டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த முறை அவள் தெருவில் வருவதைக் கண்டு கதவைச் சாத்திக்கொள்ளும் மதினி எந்தப் புகார்ப் புத்தகத்திலும் ஏறமாட்டாள். ஆனால் நாளை இவள் பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் கண்டால் ஓடி வர வேண்டியவள் அவள்தான். தாய்மையின் காப்புறுதியே அந்த உறவுகள். அதையே முதலாகப் போட்டு நடத்தும் வியாபாரத்தில், நஷ்டம் பணக்கணக்கில் தெரிவதில்லை.

மூன்றாவது ஓட்டை, தண்ணீரைப் பற்றியது. இதைக் கண்டுபிடிக்க இலக்கிய ஞானம் வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்திருந்தால் போதும். இந்த மண் குழாய்க் கதையை நிஜமாகவே வாழ்ந்த மண். மேற்கே போய்க் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி, 1895-இல் இந்தப் பக்கம் தண்ணீர் விட்டார்கள். கட்டி முடித்த பென்னிகுவிக்கை இந்த ஜனங்கள் மறக்கவில்லை. ஜனவரி 15-ஆம் தேதி அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். தம் சொத்தை விற்றுக் கட்டினார் என்று சொல்வது ஜனங்களின் அன்பு. செலவு சென்னை அரசாங்கத்துடையது. காட்டுக் காய்ச்சலில் மாண்ட கூலிக்காரர்கள் அநேகம் பேர். தனி ஒருவன் ஓய்வு நாளில் வெட்டிய குழாய் எந்தப் பள்ளத்தாக்கையும் நனைத்ததில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வாய்க்கால் பாசனம் தெரிந்தவனுக்கு இன்னொன்றும் தெரியும். தலைமடை என்று ஒன்று உண்டு, கடைமடை என்று ஒன்று உண்டு. லோயர் கேம்பிலிருந்து பழனிச்செட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. மிச்சம் வைகை அணைக்குப் போய், மேலூர்ப் பக்கத்துக் கடைமடைக்காரன் வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆள் சேர்க்கும் வியாபாரத்திலும் அப்படியே. ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு என்று பலகையில் போட்டுக் காட்டுகிறார்கள். ஆறு, 36, 216, 1,296 என்று போய், எட்டாவது படியில் 16,79,616 பேர் வேண்டும். 2011 ஜனத்தொகைக் கணக்கில் தேனி மாவட்டத்தின் மொத்த ஜனங்களே 12,45,899. தொட்டில் குழந்தையைச் சேர்த்தாலும் ஆள் போதாது! எந்தப் படியில் நிறுத்தினாலும், ஏறக்குறைய ஆறில் ஐந்து பேர் கடைசிப் படியில் நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. பலகையில் கணக்குப் போடுகிறவர் தலைமடையில் நின்று பேசுகிறார். கேட்கிறவள் எந்த மடை என்று கதை சொல்வதில்லை.

சரி, குழாய் வெட்டி முடித்தவளுக்காவது அது சொந்தமா? பிரௌனி வைஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் வாழ்க்கையைப் பார்க்கலாம். கணவனைப் பிரிந்தவர், ஒரு பிள்ளைக்குத் தாய். டப்பர்வேர் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கடையில் வைத்து விற்க முடியாமல் இருந்த காலத்தில், வீட்டுக்கு வீடு பெண்களைக் கூட்டி விருந்து வைத்து விற்கும் முறையைப் பெரிய சாம்ராஜ்யமாகவே வளர்த்தவர். 1954-இல் 'பிஸினஸ் வீக்' பத்திரிகையின் அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான். 1958-இல் முதலாளி அவரை வெளியே அனுப்பிவிட்டார். ஸ்தாபனத்தில் அவர் பெயரில் ஒரு பங்குகூட இல்லை. ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளத்தோடு கதை முடிந்தது. குழாய் அவர் வெட்டியது, ஆறு வேறொருவருடையது. அந்த ஆறும் 2024-இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிற்று. தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டிய கதை இதுவல்லவா? இதில் ரத்தமும் சதையும் உள்ள ஒரு தாய் இருக்கிறாள். வெற்றி இருக்கிறது, விலையும் இருக்கிறது. ஆனால் இதை மேடையில் சொல்லி ஆள் சேர்க்க முடியாது. அதனால்தான் இத்தாலியிலிருந்து இரண்டு வாலிபர்களை வரவழைக்கிறார்கள்.

இந்த வியாபாரத்தில் நேர்மையாகப் பொருளை விற்று, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் சொந்தக் கையால் கட்டுகிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கவனித்துப் பாருங்கள்: பொருளைத் தேவைப்பட்டவர்களுக்கு விற்கிறார்கள், வரவு செலவு நோட்டு வைத்திருக்கிறார்கள், சாயங்காலம் போனை எடுப்பதில்லை. அதாவது, அவர்கள் ஒரு சின்னக் கடைக்காரியின் புத்தியோடு நடக்கிறார்கள். கதையின் மொழியில் அவர்கள் வாளி சுமப்பவர்கள். கதை அவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. வாளி சுமப்பது கேவலம் என்று ஒரு தாய்க்குக் கற்பிப்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. ஒரு வாளி, பின் இன்னொரு வாளி என்று சுமந்துதான் பிள்ளை வளர்கிறது. ஒரு முறை வெட்டிவிட்டுத் தூங்கலாம் என்ற குழாய் அந்த வேலைக்கு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நம் எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தாழ்வாரக் கூட்டங்கள் நம் கண்ணெதிரே நடக்கின்றன. அலமாரியில் அடுக்கிய டப்பாக்கள், மொய் நோட்டு, கணக்குப் பாடத்தோடு காத்திருக்கும் பையன், கதவைச் சாத்திக்கொண்ட மதினி. ஒரு நல்ல நாவலுக்கு இன்னும் என்ன வேண்டும்? நாம் எழுதாமல் விட்ட இடத்தில்தான் பாப்லோ வந்து உட்கார்ந்துகொண்டான்.

வாசகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தக் கதையை யாராவது சொன்னால், மரியாதையாகக் கேளுங்கள். முடிந்ததும், பாப்லோவின் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையை ஏற்றி வைத்து, முதலிலிருந்து ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கள்.