தலைவி: ஒரு சொல்லும் ஒரு பட்டியலும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவிகளுக்குத் தமிழ்நாட்டு முதலமைச்சர்களின் பட்டியல் மனப்பாடம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா, ராஜாஜி, காமராசர், பக்தவத்சலம், அண்ணா, இடைக்காலப் பொறுப்பில் நெடுஞ்செழியன், கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா, பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமி, ஸ்டாலின். நாடு விடுதலை பெற்றதிலிருந்து 2021வரை அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் 14 பேர். பெண்கள் 2 பேர். கணக்கு இவ்வளவுதான். ஆனால் தமிழ் இலக்கியம் படித்து, அதையே கற்பித்துப் பிழைக்கும் எனக்கு, இந்த எண்ணிக்கையைவிட இவர்களைக் குறிக்க நாம் பயன்படுத்தும் சொற்களே அதிகம் உறுத்துகின்றன.

ஆண்களின் பட்டப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். மூதறிஞர், பெருந்தலைவர், பேரறிஞர், நாவலர், கலைஞர், புரட்சித் தலைவர், தளபதி. கல்வி, நாவன்மை, கலை, தலைமை, படை என்று எல்லாமே ஏதோ ஓர் ஆற்றலையோ செயலையோ சுட்டுபவை. இவர்கள் யாருடைய கணவர், யாருடைய தந்தை என்பது இந்தப் பெயர்களிலிருந்து தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் யாருக்கும் இருந்ததில்லை.

இரண்டு பெண்களுக்கு வருவோம். 'மருதநாட்டு இளவரசி' படத்தில் எம்.ஜி.ஆருடன் கதாநாயகியாக நடித்தவரைத் திரையுலகம் வி.என். ஜானகி என்று அறிந்திருந்தது. முதலமைச்சர் பட்டியலில் அவர் திருமதி ஜானகி ராமச்சந்திரன். 1988 ஜனவரி 7 முதல் 30வரை நீடித்த அவருடைய ஆட்சி, கணவர் இறந்தபின் வீட்டுச் சொத்து கைமாறியது போலவே பேசப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் என்ற வரி பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு மதிப்பெண்ணுக்கான விடையாகச் சுருங்கிப்போனது.

ஜெயலலிதாவின் பெயருக்கு முன்னால் அரசு விளம்பரங்களில் எப்போதும் ஒரு சொல் இருந்தது: செல்வி. கருணாநிதிக்கும் எம்.ஜி.ஆருக்கும் முன்னால் வந்த 'திரு', அவர்கள் மணமானவர்களா என்பதைச் சொல்லாது. ஒரு மாநிலத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் மணமாகாதவர் என்ற செய்தி ஒவ்வொரு அரசாணையோடும் அடிக்கல்லோடும் சேர்ந்து வந்தது. ஒருவர் திருமதி, மற்றவர் செல்வி. பெண் எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் ஓர் ஆணோடு அவளுக்குள்ள உறவோ உறவின்மையோ முன்னால் நடந்து வருகிறது.

'தலைவி' என்ற சொல்லைக் கொஞ்சம் பின்தொடரலாம். தொல்காப்பியம் கிழவன், கிழத்தி என்று சொன்னதை உரையாசிரியர்களும் வகுப்பறைகளும் தலைவன், தலைவி என்று வழங்கிவருகிறோம். தலைவனுக்கு இரண்டு திணைகளிலும் இடமுண்டு. அகத்தில் காதலன், புறத்தில் படை நடத்துபவன், நாடாள்பவன். தலைவிக்கு அகம் மட்டும்தான். அவள் காத்திருப்பாள், வருந்துவாள், ஊடுவாள், வாயில் மறுப்பாள். இன்னொரு விதியையும் மாணவிகளிடம் சொல்வதுண்டு: அகப்பாடலில் தலைவன், தலைவி யாருடைய இயற்பெயரும் வரக் கூடாது. பெயர் வந்துவிட்டால் அது புறம். பெயர் இருப்பதுதான் பொதுவெளியில் இருப்பதன் அடையாளம்.

இந்தப் பின்னணியில் 'புரட்சித் தலைவி' என்ற பட்டத்தைப் பார்க்கிறேன். 'புரட்சித் தலைவர்' என்ற எம்.ஜி.ஆரின் பட்டத்துக்குப் பெண்பால் விகுதி சேர்த்துச் செய்ததுதான் அது; ஆனால் மொழியில் அது ஒரு பெரிய இடப்பெயர்ச்சி. வாயிலில் நின்றிருந்த தலைவி கூட்ட மேடைக்கு வந்துவிட்டாள். அந்தச் சொல் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவிடவில்லை. அதன் மேல் 'அம்மா' வந்து அமர்ந்தது. அமைச்சர்கள் இயற்பெயரை உச்சரிப்பதை நிறுத்தினார்கள். புறத்தின் உச்சத்தை எட்டிய பெண் மறுபடியும் பெயரில்லாதவளானாள்.

அண்ணாவும் உறவுப் பெயர்தானே என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. அண்ணாதுரை என்ற இயற்பெயருக்குள்ளேயே அண்ணா இருந்தது என்பது ஒன்று. அண்ணன், தம்பி என்பது ஒரே தலைமுறை உறவு என்பது இன்னொன்று. தம்பி வளர்ந்து அண்ணன் இடத்துக்கு வரலாம், தி.மு.க. வரலாறு அப்படித்தான் நடந்தது. பிள்ளை வளர்ந்து அம்மாவாக முடியாது. பின்னாளில் ஸ்டாலினை 'அப்பா' என்று அழைக்கும் வழக்கம் தோன்றியபோதும் அது முன்பே இருந்த 'தளபதி'யின் மேல் வைத்த கூடுதல் அலங்காரம். யாரையும் நாம் ஏன் அக்கா என்று அழைத்து அந்த நாற்காலியில் அமர்த்தவில்லை? அக்காவோடு தங்கை வாதாடலாம், தம்பி கணக்குக் கேட்கலாம். அம்மாவிடம் கேட்க முடியாது.

புறநானூற்றில் பெண் போர்க்களத்தை நெருங்கும் வழியும் பெரும்பாலும் தாய்மைதான். ஒக்கூர் மாசாத்தியாரும் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் பாடிய பெண்கள் மகனை ஈந்தே வீரம் பெறுகிறார்கள். மனைவியாகவோ தாயாகவோ அல்லாமல் அரசவைக்குத் தூது போனவர் ஔவையார். அவருடைய பெயரின் பொருளும் தாய் அல்லது முதியவள் என்பதே. அமைச்சர்கள் ஜெயலலிதாவின் காலில் விழுந்ததைச் சிரித்துப் பேசியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. தாயின் காலில் விழுவதால் ஓர் ஆணின் ஆண்மைக்குப் பங்கம் வராது. தனக்குச் சமமான ஒரு பெண்ணின் எதிரில் நாற்காலியில் அமர்ந்து பேசுவதுதான் கடினம். 'அம்மா' என்ற சொல் அந்தக் கடினத்திலிருந்து அவர்களைக் காப்பாற்றியது. அவருக்கும் கேள்விகளிலிருந்து பாதுகாப்பு அளித்தது. இரு தரப்பும் லாபம் பார்த்த உடன்பாடு அது.

நட்டம் யாருக்கு? 1992இல் பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பெற்றவள் தொட்டிலில் இடுவாள், அரசு தாயாகி எடுத்துக்கொள்ளும். பெண் குழந்தை வேண்டாம் என்று சொன்ன தகப்பன் அந்தக் காட்சியில் எங்குமில்லை. அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தொடங்கியதும் அதே ஆண்டு. அதனால் பயன்பெற்ற பெண்கள் பலர், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில், சந்தனக்கட்டையைத் தேடுவதாகப் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் பழங்குடி மக்களைத் தாக்கினார்கள். 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். தண்டனைத் தீர்ப்பு 2011இல்தான் வந்தது; உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். ஆண்டது ஒரு பெண். வாச்சாத்திப் பெண்களுக்கு அரசு தாயாக இருக்கவில்லை. தாய்மை என்பது ஆட்சியின் பண்பாக இல்லாமல் ஆட்சியின் பட்டமாக இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதற்காக அவர்மீது நடந்ததை மறக்க வேண்டியதில்லை. 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வைக்கப்பட்ட நாளில் கைகலப்பு நடந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா தலை கலைந்து வெளியே வந்தார். தன் சேலை இழுக்கப்பட்டதாகச் சொன்னார். ஆளுங்கட்சி மறுத்தது. ஒரு மக்கள் பிரதிநிதி தன் பணியிடத்தில் பாதுகாப்பாக இருந்தாரா என்று கேட்டிருக்க வேண்டும். திரௌபதியின் கதையைத்தான் பேசினோம். ஒருபுறம் துகில், மறுபுறம் சபதம். சட்டமன்ற விதிகளைப் பற்றிப் பேச ஆளில்லை.

பெண்களின் வரலாற்றில் அதே தேதிக்கு இன்னொரு பதிவும் உண்டு. பூர்விகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளாகக் குறிக்கப்பட்டிருப்பது 1989 மார்ச் 25. அந்தத் தேதிக்கு முன் மணமான மகள்களுக்கு அந்தச் சட்டத்தில் பங்கில்லை. ஆண் முதலமைச்சர் ஒருவரின் ஆட்சி மகளுக்குச் சொத்துரிமை தந்தது. அதே நாளில் அதே ஆட்சியின் அவையிலிருந்து ஒரு பெண் தலை கலைந்து வெளியேறினார். இரண்டையும் சேர்த்து வாசிக்கத் தெரிந்தால்தான் இந்தப் பட்டியலை வாசிக்கத் தெரியும்.

கட்சிப் பணியின் வழியே வந்த பெண்கள் இல்லாமலில்லை. காமராசர் அமைச்சரவையில் லூர்தம்மாள் சைமன் இருந்தார். 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்ற தலித் தலைவர் சத்தியவாணி முத்து, 1974இல் தி.மு.க.விலிருந்து வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டார். அவர்களை முதலமைச்சராகக் கற்பனை செய்யும் பழக்கம் எந்தக் கட்சிக்கும் வரவில்லை. 2021இல் 234 உறுப்பினர்களில் பெண்கள் 12 பேர். அமைச்சர்கள் 34 பேரில் பெண்கள் 2 பேர். இரண்டு பெண்கள் ஆண்டுவிட்டார்களே என்ற பதில், மீதி எல்லாக் கதவுகளையும் சாத்திவைக்கப் பயன்படுகிறது.

தலைவி என்ற சொல் இப்போது எங்கே இருக்கிறது? 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெறுபவர்கள் 'குடும்பத் தலைவிகள்'. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் பணம் சேர்கிறது. அதற்கு 'உரிமை' என்று பெயர் வைத்ததை நான் மதிக்கிறேன். வீட்டுவேலை வேலைதான் என்பதை அரசு ஏற்கும் இடம் அது. ஆனால் சொல் வந்து சேர்ந்த இடத்தையும் பாருங்கள். வாயிலில் காத்திருந்தவள் மேடைக்கு வந்தாள். மேடையிலிருந்து மறுபடி வீட்டுக்குள் போயிருக்கிறாள், இந்த முறை ஒரு வங்கிக் கணக்கோடு.

'முதல்வர்' என்ற சொல்லுக்குப் பால் இல்லை. கல்லூரியின் முதல்வராக ஒரு பெண் வந்தால் அவரை நாம் முதல்வர் என்றுதான் அழைக்கிறோம். யாரும் அவருக்காக வேறொரு சொல் தேடுவதில்லை. மாநிலத்தின் அடுத்த பெண் முதல்வரையும் அப்படியே அழைப்போம். அவருடைய இயற்பெயரைச் சொல்வோம். நிதிநிலை அறிக்கையை வைத்துக்கொண்டு அவரிடம் கணக்குக் கேட்போம்.