வகுப்பறையும் வர்க்கமும்: பழைய பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவை ஒன்றினை வெள்ளவத்தையிலிருந்து நோக்குதல்

தொலைக்காட்சி நகைச்சுவையைத் திறனாய்வின் பொருளாகக் கொள்வதில் எமது கல்வியுலகிற்கு இன்னும் ஒரு கூச்சம் உண்டு. திரைப்படத்தைப் பொறுத்தவரை அக்கூச்சம் ஓரளவு நீங்கிவிட்டது. தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்பாடலின் ஊடகமாகக் கொண்டு கார்த்திகேசு சிவத்தம்பி எழுதிய நூல் 1981 இல் வெளிவந்தது. வீட்டினுள் வந்து குந்திக்கொண்ட பெட்டியோ இன்றுவரை ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரு சொல்லால் ஒதுக்கப்பட்டு வருகிறது. பொழுதைப் போக்குவதற்கு எமது வர்க்கம் எதைத் தெரிந்தெடுக்கிறது என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றிலுள்ள தொடர்மாடி வீட்டில், போயா நாளொன்றின் மாலையில், பழைய பிரித்தானிய நிகழ்ச்சிகள் சிலவற்றை நாம் ஐவர் சேர்ந்து பார்த்தோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவர் துறைமுகத்தில் வேலைசெய்து, பின்னர் இலண்டனில் பன்னிரண்டு ஆண்டுகள் எரிபொருள் நிலையமொன்றில் இராக்காவல் இருந்து திரும்பியவர். ஆசிரியையின் பேத்தி ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். நான்காமவர் எனது நண்பர். ஐந்தாமவன் இதனை எழுதுபவன்.

முதலில் கென் லோச் நெறியாண்ட ‘கதி கம் ஹோம்’. ஜெரமி சான்ட்ஃபோர்ட் எழுதிய இந்நாடகத்தை 1966 நவம்பர் 16 அன்று பீ.பீ.சி. ஒளிபரப்பியது. வீடிழந்த இளந்தாயொருத்தியிடமிருந்து அரசின் நலன்புரி அலுவலர்களே பிள்ளைகளைப் பறித்துச் செல்லும் காட்சியோடு அது முடிகிறது. “இது எங்கட தோட்டத்துக் கதை” என்றார் கொட்டாஞ்சேனைக்காரர். அவர் குறிப்பிட்டது கொழும்பு நகரின் வரிசைவீட்டுத் தோட்டங்களை. அவற்றின் குடிகளை அகற்றி அடுக்குமாடிகளில் ஏற்றும் வேலை 2010 இற்குப் பின் விரைவுபெற்றதை நாம் கண்டோம். பிரித்தானியத் தொலைக்காட்சி முழுவதையும் ஏகாதிபத்தியத்தின் ஊதுகுழல் என்று ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிட முயலும் யாந்திரிக மார்க்சியத்திற்கு இந்நாடகம் ஒன்றே போதிய மறுப்பு. பொது நிதியில் இயங்கிய ஒரு நிறுவனத்தினுள் இடதுசாரிக் கலைஞர் சிலர் தமக்கெனப் பிடித்துவைத்திருந்த இடம் அது.

அடுத்து ‘மைன்ட் யுவர் லாங்குவேஜ்’. அறையின் முகம் மாறிற்று. எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்தனர். இக்கட்டுரையின் பொருள் இத்தொடரும் அம்மாற்றமுமே.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13 அன்று தொடங்கியது. 1977 இன் பின் திறந்துவிடப்பட்ட பொருளாதாரத்தின் இறக்குமதிப் பண்டங்களோடு பெட்டியும் வந்திறங்கியது. ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று ஒளிபரப்பை ஆரம்பித்தது. ஆங்கிலத் தொடர்கள் அன்றைய மாலைகளின் பெரும்பகுதியை நிரப்பியதை ஆசிரியை நினைவுகூர்ந்தார். பெட்டி உள்ள வீட்டில் ஒழுங்கை முழுவதும் கூடும். முன்வரிசையில் கதிரை, பின்னர் பாய், வாசற்படியில் வேலைக்காரச் சிறுமி. இவ்விருக்கை ஒழுங்கினை மனங்கொள்ளுதல் வேண்டும். மீண்டும் இதற்கு வருவோம்.

வின்ஸ் பவல் எழுத, இலண்டன் வீக்கென்ட் ரெலிவிஷன் தயாரித்த இத்தொடர் 1977 டிசம்பர் இறுதியில் தொடங்கி 1979 வரை மூன்று பருவங்களில் 29 பகுதிகளாக வந்தது. கதை எளிது. இலண்டன் மாலைப் பள்ளியொன்றில் ஜெரமி பிறவுண் என்ற இளம் ஆசிரியர் பல நாட்டவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கிறார். அவர்கள் பிழைவிடுகிறார்கள், நாம் சிரிக்கிறோம். இத்தாலியன் உரத்துப் பேசுவான், ஜப்பானியன் குனிந்து வணங்குவான், பிரெஞ்சுக்காரி மயக்குவாள், சீனப்பெண் கையில் மாஓவின் சிவப்புப் புத்தகத்தோடு வருவாள். பஞ்சாபிச் சீக்கியர் ரஞ்சித் சிங் கைகூப்பி ஆயிரம் மன்னிப்புக் கோருவார். பாகிஸ்தானியரான அலியோடு ஓயாது மோதுவார். துணைக்கண்டத்தைப் பிரித்துவிட்டுப் போன நாடு, அப்பிரிவினையின் வடுவைத் தன் வகுப்பறையில் வேடிக்கையாக்கிச் சிரிக்கிறது.

ரஞ்சித் சிங்காக நடித்த அல்பேர்ட் மோசஸ் எமது கம்பளையிற் பிறந்தவர். மலைநாட்டில் பிறந்த இலங்கையர் ஒருவர் தலைப்பாகை கட்டிப் பஞ்சாபியராகிறார். அலியாக நடித்த டினோ ஷபீக் டாக்காவிற் பிறந்தவர். முகம் கபிலமாக இருந்தாற் போதும்; எந்த ஊர், எந்த மொழி என்பது தயாரிப்பாளருக்குப் பொருட்டன்று. இதற்காக நடிகரைக் குறைகூறுதல் நியாயமன்று. அக்காலத்துப் பிரித்தானியத் திரையில் ஆசிய நடிகனுக்குத் திறந்திருந்த வாயில்கள் மிகச் சில. அதே ஆண்டுகளில் ஓடிய ‘இட் எய்ன்ற் ஹாஃப் ஹொற் மம்’ தொடரில் முதன்மையான இந்தியப் பாத்திரத்தை மைக்கேல் பேற்ஸ் என்ற வெள்ளையரே முகத்தில் நிறம்பூசி நடித்தார். அல்பேர்ட் மோசஸ் 2017 இல் இலண்டனில் காலமானார்.

மாணவர் பலர் தொழிலாளர் என்பதைத் தொடர் மறைப்பதில்லை. சமையற்காரர், மதுச்சாலைப் பணியாளர், வீட்டுப் பணிப்பெண்கள் உளர். ரஞ்சித் சுரங்க இரயிலில் வேலைசெய்பவர். ஆயினும் அத்தொழில்கள் அறிமுகச் சொற்களாகவே நின்றுவிடுகின்றன. வேலை நேரம், கூலி, மேலாளனின் வசை ஆகியவற்றுக்குத் தொடரின் கட்டமைப்பில் இடமில்லை. உழைப்பு முடிந்தபின் கதை தொடங்குகிறது. குடிபெயர்ந்தோன் உழைப்பவனாக அன்றிப் பிழைவிடுபவனாக மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறான். அவனுக்கு உள்ள ஒரே பற்றாக்குறை இலக்கணம். அதனை நிரப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதே தொடரின் கருத்துநிலை.

அதே இலண்டனில், அதே காலத்தில் நடந்தது யாது? 1976 ஓகஸ்ட் முதல் 1978 ஜூலை வரை வில்ஸ்டன் பகுதியில் கிறன்விக் ஒளிப்படச் சாலையின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பெரும்பான்மையோர் தெற்காசியப் பெண்கள். சேலை உடுத்து வாயிலில் மறியல் நின்ற ஜயாபென் தேசாய் அப்போராட்டத்தின் முகமானார். போராட்டம் தோற்றது, ஆனால் பிரித்தானியத் தொழிற்சங்க வரலாற்றில் அழியாத பக்கமாயிற்று. தொடரின் முதற் பருவம் ஓடியபொழுது அம்மறியல் முடிந்திருக்கவில்லை. திரையிலோ சேலையணிந்த ஜமீலா, ஆங்கிலம் புரியாமல், வகுப்பில் கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் பருவத்துக்கும் மூன்றாம் பருவத்துக்கும் இடையில், 1979 ஏப்ரல் 23 அன்று, சவுத்ஹோலில் இனவாதக் கட்சியொன்றின் கூட்டத்தை எதிர்த்துத் திரண்டோரிடையே பிளெயர் பீச் அடியுண்டு இறந்தார். அவரும் ஓர் ஆசிரியரே. பிறவுணின் வகுப்பறைக்கு அச்செய்தி எட்டவில்லை.

பிரித்தானியாவிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. 1979 இல் ஸ்டூவர்ட் ஹோல் பங்குகொண்ட ‘இட் எய்ன்ற் ஹாஃப் றேசிஸ்ற், மம்’ என்ற நிகழ்ச்சி, தொலைக்காட்சியின் இனவாதத்தைத் தொலைக்காட்சியிலேயே கூறுபோட்டுக் காட்டியது. 1958 வன்செயலின் பின் கொழும்பை விட்டு இலண்டன் சென்ற அ. சிவானந்தன், ‘றேஸ் அன்ட் கிளாஸ்’ ஏட்டின் வாயிலாக இனத்தையும் வர்க்கத்தையும் ஒருங்கே நோக்கும் பார்வையை அங்கு வளர்த்துக்கொண்டிருந்தார். தொடரைத் தயாரித்த நிறுவனத்தின் மைக்கேல் கிறேட், இன வார்ப்புருக்கள் புண்படுத்துவன எனக் கருதி 1979 இல் அதனை நிறுத்தினார். வேறொரு தயாரிப்பில் 1986 இல் அது மீண்டும் தலைகாட்டியது வேறு கதை.

தயாரித்த நாட்டில் வெட்கத்துக்குரியதான பண்டத்தைக் கேலிக்குரியவர்களின் நாடுகளே விரும்பி நுகர்ந்தன. எமது வீடுகள் அதற்குச் சான்று. இதனை அடிமை மனப்பான்மை என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் அது விளக்கமாகாது.

எமது இலக்கண மரபு இங்கு உதவும். நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நான்கினை வகுக்கும். எள்ளலும் பேதைமையும் அவற்றுள் அடங்கும். அங்கு இளம்பூரணர் தம் உரையில் செயிற்றியத்திலிருந்து எடுத்துக்காட்டும் பகுதி, நகைக்குரிய இடங்களை நீளமாக அடுக்குகிறது. குழந்தையின் மழலை, கல்லாதான் பேசும் கல்வி, மெலியவன் பேசும் வலிமை என்று செல்லும் அவ்வரிசையில் ஆரியர் பேசும் தமிழும் ஒன்று. பிறமொழியாளனின் கொச்சை கேட்டுச் சிரிப்பது, ஆகவே, ஆங்கிலேயன் கண்டுபிடித்த சுவையன்று. கூனரையும் ஊமரையும் கண்டு சிரிப்பதையும் அதே பட்டியல் கொண்டிருத்தலால், மரபு என்ற காரணத்தால் மட்டும் அதனைப் போற்றவும் இயலாது. ஆயினும் ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. வடமொழிக் கல்வியின் மதிப்போடு வருபவனின் தமிழை இங்குள்ளவன் நகைக்கிறான். நகைப்பு மேல்நோக்கிச் செல்கிறது. பிறவுணின் வகுப்பில் அது கீழ்நோக்கி விழுகிறது.

எமது கொழும்பிலேயே வேறொரு சான்று உண்டு. எஸ். ராம்தாசின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ இலங்கை வானொலியில் புகழ்பெற்று, 1976 இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாயிற்று. மரைக்காரின் முஸ்லிம் தமிழ், அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழ், உபாலியின் சிங்களம் தோய்ந்த தமிழ், ஐயரின் பேச்சு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று முட்டிச் சிரிப்பெழுப்பும். பல உச்சரிப்புகளின் நகைச்சுவை என்ற வகையில் இது ஆங்கிலத் தொடரின் உறவினமே. ஆனால் இதில் பிறவுண் இல்லை. திருத்தும் அதிகாரம் எவர் கையிலும் இல்லை. ஒவ்வொருவர் பேச்சும் மற்றவர் காதுக்கு வேடிக்கை. 1956 இன் பின் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிருந்த நாட்டில் உபாலி தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவதைக் கேட்பதில் தமிழர்க்கு எத்தகைய ஆறுதல் இருந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. கலைத்தரத்தில் ‘கோமாளிகள்’ திரைப்படத்தை நான் உயர்வாக மதிப்பவனல்லன். எனினும் அதன் மொழி ஏற்பாடு பிறவுணின் வகுப்பறையிலும் சனநாயகத் தன்மை வாய்ந்தது.

எமது முற்போக்கு விமர்சனம் இப்பிரச்சினையை அறுபதுகளிலேயே எதிர்கொண்டது. உழைக்கும் மக்களின் பேச்சுவழக்கைக் கதையில் எழுதியபோது, அதனை இழிசனர் வழக்கென்று மரபுவாதிகள் தள்ளினர். மொழி பிழைபடவில்லை, பேசுபவனின் இடமே இழிவாகக் கருதப்படுகிறது என்று அன்று வாதிட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். அந்த வாதத்தை மாலைநேரத்துப் பெட்டியின் முன் நாம் கொண்டுசென்றோமா?

தொலைக்காட்சிச் செய்தியைப் பார்வையாளர் மூன்று நிலைகளில் நின்று பொருள்கொள்ளலாமென ஹோல் 1973 இல் எழுதினார். ஆதிக்கப் பொருளை அப்படியே ஏற்றல், தம் அனுபவத்துக்கேற்ப அதனோடு பேரம்பேசல், எதிர்த்து வாசித்தல் என்பன அவை. ஆசிரியை முதல்நிலையில் நின்றார். பிறவுணுடன் சேர்ந்தே சிரித்தார், ஒருமுறை அவரை முந்திப் பிழையைத் திருத்தவும் செய்தார். ஆங்கிலத்தைச் சிங்கள இளைஞர் ‘கடுவ’ – வாள் – என அழைப்பர். வெள்ளவத்தை நடுத்தர வர்க்கம் அவ்வாளின் பிடி தன் கையிலுள்ளதென நம்பியது. 1983 ஜூலையில் அந்நம்பிக்கை எரிந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்த பின், ஜூலை 28 அன்று அதே பெட்டியில் தோன்றிய ஜனாதிபதி ஜெயவர்த்தன, பாதிக்கப்பட்ட தமிழர்க்கு ஓர் ஆறுதல் வார்த்தையும் கூறவில்லை. ஆங்கிலத் தொடர் வந்துபோன திரைதான் அது. அவ்வொழுங்கைகளிலிருந்து எத்தனையோ பேர் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய் ரஞ்சித்தின் வாங்கில் அமர்ந்தனர். பிறவுணோடு சிரித்தவர்கள் பிறவுணின் மாணவராயினர்.

பேத்தி பேரம்பேசினாள். சிரித்தாள், இடையிடையே, “இவையளுக்கு ஸ்பீக்கிங்கில் நாலும் வராது” என்று புள்ளியும் போட்டாள். அவளுக்கு அது நகைச்சுவையாகவும் எச்சரிக்கையாகவும் இருந்தது.

எதிர்த்து வாசித்தவர் கொட்டாஞ்சேனைக்காரராக இருத்தல் வேண்டும் என்பது எனது எதிர்பார்ப்பு. கோட்பாடு அவ்விடத்தில் என்னைக் கைவிட்டது. அறையிலேயே அதிகம் சிரித்தவர் அவர்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அது பிறவுணோடு சேர்ந்த சிரிப்புமன்று. தான் அறிந்த ஆட்களைக் கண்டுகொண்ட ஒருவரின் சிரிப்பாக அது எனக்குப் பட்டது. இதற்கு ஹோலின் அட்டவணையில் எந்த நிரலை ஒதுக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.

வாசற்படிச் சிறுமிக்கு வருவோம். மலையகத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு எமது வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளின் பேச்சைப் பாவனை செய்து சிரிப்பது அக்கால வெள்ளவத்தை வீடுகளில் வழக்கமான விளையாட்டு. எமது வீட்டிலும் அது நடந்ததென என் தாயார் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சிரித்தும் இருக்கிறார். ஆங்கிலேயர் எம்மைச் சிரித்ததற்கு மைக்கேல் கிறேட் ஒருவராவது 1979 இல் வெட்கப்பட்டார். தென்னிந்தியத் திரைப்படம் எமது பேச்சைச் சிரித்தபோது, 2000 இல் வெளிவந்த ‘தெனாலி’ பற்றி, நாம் மனக்குறைப்பட்டோம். வாசற்படியிலிருந்தவள் தொடரைப் பார்த்து எதை நினைத்துச் சிரித்தாள், அல்லது சிரித்தாளா என்பதை எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து தேநீர் வந்தபோது, இலண்டனில் மாலை வகுப்புக்குப் போனதுண்டா எனக் கொட்டாஞ்சேனைக்காரரைக் கேட்டேன். ஒரு பருவம் போனாராம். ஆசிரியை நல்ல மனிசி. படிப்பித்தது நினைவில் இல்லை. இடைவேளையில் சோமாலியர் ஒருவரும் போலந்துக்காரி ஒருத்தியும் இவரும் ஓரமாக நின்று, எந்த முதலாளி இராவேலைக்கு எவ்வளவு கொடுக்கிறான், எவன் காசை வெட்டுகிறான் என்று ஆளுக்கொரு ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்களாம். “அங்க ஒருத்தரும் ஒருத்தரையும் திருத்திறேல்ல” என்றார்.