காற்றைக் கணிக்கும் முன் 10 மீட்டர்

ஃபீல்ட் டார்கெட் போட்டிக் காணொளியைப் பார்க்கும் எந்த இளைஞருக்கும் முதலில் எழும் கேள்வி, “என்ன துப்பாக்கி வாங்கலாம்?” என்பதுதான். மலேசியாவின் பூச்சோங்கில் இருப்பவர் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைப்பது நல்லது.

1980இல் இங்கிலாந்தின் மேகம் டவுன் கிராமத்தில் பிறந்த காற்றுத் துப்பாக்கி ஆட்டம் இது. தோப்பிலும் காட்டோரத்திலும் 8 முதல் 50 மீட்டர் தொலைவுக்குள் எஃகுத் தகடுகளை நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளை. அதன் விட்டம் 15, 25 அல்லது 40 மில்லிமீட்டர். ஈயக்குண்டு அந்தத் துளைக்குள் நுழைந்து பின்னால் இருக்கும் நாக்கைத் தட்டினால் தகடு சாயும், புள்ளி கிடைக்கும். முகப்பில் பட்டால் ஒன்றுமில்லை. தூரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். அளக்கும் கருவிக்கும் அனுமதி கிடையாது. ஸ்கோப்பின் குவியச் சக்கரத்தைத் திருப்பி, இலக்கு எந்த எண்ணில் தெளிகிறது என்று பார்த்தே கணிக்க வேண்டும். பெரும்பாலான இலக்குகளை உட்கார்ந்தபடி சுடலாம். சிலவற்றை நின்றோ மண்டியிட்டோதான் சுட வேண்டும்.

இதில் எது கடினம்? குறியை நிலைநிறுத்துவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இந்திய வீராங்கனை இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 60 குண்டுகளில் 630.7 புள்ளிகள் எடுத்தார். சராசரி 10.5. அவர் குண்டுகள் மையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் விலகின என்று இதற்குப் பொருள். ஸ்கோப் இல்லாமல், நின்றுகொண்டு எடுத்த புள்ளி இது. அப்படியிருந்தும் அவருக்குக் கிடைத்தது 10ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கு 8 பேர்தான் போக முடியும். அதே விலகலை 50 மீட்டருக்கு விரித்துப் பாருங்கள்: சுமார் 6 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் துளைக்குள் தாராளமாகப் புகுந்துவிடும்.

ஆனால் காற்று இல்லாவிட்டால்தான் அந்தக் கணக்கு செல்லும். ஃபீல்ட் டார்கெட்டின் சர்வதேசப் போட்டியில் துப்பாக்கியின் ஆற்றல் வரம்பு ஏறத்தாழ 16 ஜூல். அரை கிராமுக்குச் சற்றே கூடுதலான 4.5 மில்லிமீட்டர் குண்டு நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 50 மீட்டரைக் கடக்கக் கால் நொடி எடுத்துக்கொள்கிறது. இலை மட்டும் அசையும் மென்காற்று குறுக்கே வீசினாலே சில சென்டிமீட்டர் தள்ளிவிடும். துளையின் ஆரமோ 2 சென்டிமீட்டர். 50 மீட்டரில் நிற்பதை 45 என்று கணித்துவிட்டால் குண்டு துளைக்குக் கீழே மோதும். கை நடுக்கத்தைக் காட்டிலும் காற்றும் தூரமும்தான் இங்கே புள்ளியைப் பறிக்கின்றன. கை தானாக நிலைத்து நிற்கப் பழகியவருக்குத்தான் இவ்விரண்டையும் யோசிக்க மனம் மிஞ்சும். அந்தப் பழக்கம் 10 மீட்டரில் வருகிறது.

நம் நாட்டுச் சட்டமும் அந்த வழியைத்தான் காட்டுகிறது. பிரிட்டனில் வரம்புக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு, பெரும்பகுதியில், உரிமம் வேண்டியதில்லை. ஆட்டம் அங்கே வேர்விட அதுவும் ஒரு காரணம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. போலீஸ் உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். போலித் துப்பாக்கிக்கும் அதே சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. இணையத்தில் மலிவாக வருகிறதே என்று வாங்கி ஆயர் ஹீத்தாம் காப்புக்காட்டுப் பக்கம் போய்ச் சுட்டுப் பார்க்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், இப்போதே விட்டுவிடுங்கள்.

முறையாகப் பழக, பூச்சோங்கிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் சுபாங் தேசியத் துப்பாக்கி சுடும் திடல் இருக்கிறது. 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டின் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்த இடம். 10 மீட்டரில் நமக்கு முன்மாதிரியும் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் களமிறங்கிய நூர் சுர்யானி நம் நாட்டவர். 400க்கு 392 எடுத்து 34ஆம் இடம் பெற்றார். உடலின் எடைமையமே மாறிப்போன நிலையில் எடுத்த புள்ளி அது. பதக்கப் பட்டியலைத் தாண்டி மதிக்க வேண்டிய ஆட்டம் என்றே நான் கருதுகிறேன்.

துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றின் வழியாகச் சேருங்கள். பாதுகாப்பு விதிகளையும், நிற்கும் முறையையும், மூச்சடக்கி விசையை அழுத்துவதையும் பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளுங்கள். குண்டு போடாமல் குறி மட்டும் பார்க்கும் பயிற்சி அலுப்பாக இருக்கும், அதைக் குறைக்காதீர்கள். ஸ்கோப்பும் விலையுயர்ந்த துப்பாக்கியும் பிறகு வரட்டும்.

தேசியச் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சுபாங்கின் கட்டுப்பாட்டுக்குள், உரிமமுள்ள துப்பாக்கிகளைக் கொண்டு, எஃகுத் தகடுகளை நிறுத்தி புதியவர்களுக்கென ஓர் அறிமுக நாள் நடத்துங்கள். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய மாணவர்களையும் பெற்றோரையும் அதற்கு அழையுங்கள்.